இருபது போதும்

இது உண்மையில் நடந்தது. ஆனால் நான் எழுதும் இதே ஒழுங்கில்தான் நடந்ததா என்று கேட்டால், சத்தியம் பண்ண ஏலாது. என் ஞாபகத்தை இப்போது நான் நம்புவதில்லை. ஏன் என்று கடைசியில் தெரியும். நேரங்கள் மட்டும் சரியானவை. அவற்றை சேர்வரின் பதிவிலிருந்து எடுத்திருக்கிறேன்.

போன வருஷம் நவம்பர் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில், பழைய வீடொன்றின் மேல்மாடியில் ஒரு கணினிப் பயிற்சி நிலையம் இருந்தது. யன்னலால் பார்த்தால் உள்துறைமுகம் தெரியும். அன்று மழை மூட்டத்தில் தண்ணீரும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. நான் மட்டக்களப்பிலிருந்து ஊர் திரும்பி ஒரு வருஷம்தான். அந்தப் படிகளில் ஏறியது அன்றுதான் முதல் தடவை.

கணினி திருத்த என்னைக் கூப்பிட்டது நஸ்ரின். அங்கே படிப்பிப்பவர், ஊர் கிண்ணியா. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு அங்கே ஒரு வேலைப் பரீட்சை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இருபது பேர். பரீட்சை நடத்தும் கொழும்புக் கம்பனி அன்று மாலை சரியாக ஏழு மணிக்குத் தூரத்திலிருந்து பார்க்கும். இருபது இயந்திரங்களும் லொகின் திரையில் நிற்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பரீட்சை கண்டிக்கு மாறிவிடும். கண்டிக்கு எந்த வீட்டிலும் பிள்ளையை அனுப்ப மாட்டார்கள். கம்பனியிடம் கெஞ்சி அந்த இடத்தை எடுத்துக் கொடுத்தவர் நஸ்ரின்தான்.

பிற்பகல் 3.40. நான் உள்ளே போனேன்.

"இப்ப பாருங்க அண்ணா," என்றார் நஸ்ரின். "திருத்துற ஆள் வந்தவுடன இந்தப் பெட்டிகள் நல்ல பிள்ளைகள் மாதிரி நடிக்கும்."

நடிக்கவில்லை.

அவை தின் கிளையன்ட் பெட்டிகள். உள்ளே ஹார்ட் டிஸ்க் கிடையாது. தனக்கென்று ஒரு ஞாபகமும் இல்லாத சாமான். சுவிச்சைப் போட்டதும் கேபிள் வழியாக "நான் யார்?" என்று கேட்கும். மூலையில் இருக்கும் சேர்வர் அதற்கு ஒரு பெயரும் ஒரு முகவரியும் கொடுக்கும். பிறகு அங்கிருந்தே லினக்ஸை இழுத்துக்கொண்டு லொகின் வரைக்கும் வரும். முகவரி கிடைக்காவிட்டால் அது வெறும் பெட்டி.

இலக்கங்களுக்குப் பதிலாக முதல் தொகுதிப் பிள்ளைகளின் பெயர்களை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியின் நெற்றியிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது. லோஜினி. றிஷானா. ஜெஸ்மின். சனூஸா...

இருபதையும் போட்டேன். பத்தொன்பது லொகினுக்கு வந்தன. ஐந்தாவது வரவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தித் திரும்பப் போட்டேன். ஐந்தாவது வந்தது. பன்னிரண்டாவது வரவில்லை. மூன்றாம் தடவை பதினேழாவது.

எப்போதும் பத்தொன்பது. எப்போதும் ஒன்று வெளியே.

சேர்வரில் முகவரிப் பட்டியலைத் திறந்தேன். சரியாக இருபது முகவரிகள். ஒன்றுகூட மேலதிகமாக இல்லை. அதற்கு மேலே யாரோ ஒரு குறிப்பு எழுதியிருந்தான். "இருபது போதும்." எவனோ பெரிய கஞ்சன் என்று நினைத்துச் சிரித்தேன். நஸ்ரினிடமும் சொன்னேன். அவரும் சிரித்தார்.

பிறகு பதிவைப் பார்த்தேன். இருபத்தொரு இயந்திரங்கள் முகவரி கேட்டிருந்தன.

மேலதிகமான அந்த ஒன்று ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றுக்கும் முதல் கேட்டிருந்தது. அதன் பெயரும் பதிவில் இருந்தது. ஸுல்பிகா.

அப்படியொரு பெட்டி அங்கே இல்லை என்றார் நஸ்ரின். தான் வேலைக்கு வந்து ஒரு வருஷம், அந்தப் பெயரைக் கண்டதே இல்லையாம். ஆனால் மேசை வரிசையில் பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் இடையில் ஒரு பெட்டி வைக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அதற்கு முன்னால் ஒரு கதிரை. கதிரைகளை எண்ணினேன். இருபத்தொன்று.

"அதை ஒவ்வொரு நாளும் மேசைக்குக் கீழ தள்ளிவிடுவன்," என்றார் நஸ்ரின். "காலையில வெளியில நிக்கும். கூட்டுற ஆள் இழுத்து வைக்கிறாராக்கும் என்று..."



5.20. நிலையத்தின் உரிமையாளர் பாக்கியரத்தினம் சேரை போனில் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். பெயரையும் சொன்னேன்.

"தம்பி," என்றார். "அதுக்கு இடம் குடுக்காதேங்கோ."

வைத்துவிட்டார். திரும்ப எடுத்தேன். போன் நிறுத்தியிருந்தது.

நெட்வேர்க்கில் வேண்டாத ஆள் இருந்தால் செய்கிற வேலை ஒன்றுதான். கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எந்தக் கேபிளைக் கழற்றும்போது ஆள் மறைகிறானோ, அதன் மறுமுனையில் அவன் இருப்பான். இருபது இயந்திரங்களையும் நிறுத்தினேன். நஸ்ரின் அந்திநேர மஃரிப் தொழப் பக்கத்து அறைக்குப் போனார். நான் கழற்றத் தொடங்கினேன்.

5.52. இருபது கேபிள்களும் என் காலடியில் கிடந்தன. சேர்வரின் கேபிள் மட்டும் மிச்சம்.

ஸுல்பிகா மறையவில்லை.

பிங் செய்தேன். அதாவது, "இருக்கிறாயா?" என்று கேட்டு, பதில் வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளப்பது. அறைக்குள் இருக்கும் பெட்டி ஒரு மில்லி செக்கனுக்குள் பதில் சொல்லும்.

பதில் வந்தது. 1840.

வெகு தொலைவு. எனக்குச் சின்ன ஆறுதல். எங்கோ வெளியில்தான் இருக்கிறது.

அடுத்த பதில் 1310.

பிறகு 960... 700... 415...

வந்துகொண்டிருந்தது.

யன்னலைப் பார்த்தேன். துறைமுகம் இருட்டிவிட்டது. ஒரு கப்பலின் விளக்கு மட்டும்.

120... 38... 9...

0.3.

அதற்குப் பிறகு எண் மாறவில்லை. அறைக்குள் இருக்கும் எண்.

நான் திரும்பவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன் என்பது தெரியாது. நஸ்ரின் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"அண்ணா, இது என்ன சேத்து மணம்?"

எனக்கும் மணந்தது. கடலடிச் சேறு.

6.38. இன்னும் இருபத்திரண்டு நிமிஷம். சேர்வரில் ஸுல்பிகா பெட்டியின் அடையாள இலக்கத்தைத் தடுத்து ஒரு வரி எழுதினேன். கேட்டாலும் கொடுக்காதே என்று. கேபிள்களைத் திரும்பச் செருகி இருபதையும் போட்டேன். எழுத்துகள் ஓடின. ஒன்று, ஐந்து, பத்து, இருபது... எல்லாம் மேலேறி வந்தன.

லொகினுக்கு ஒரு வரி முன்னால் நின்றன. இருபதும்.

எல்லாத் திரையிலும் ஒரே செய்தி. ஒரு வேலை முடியும்வரை காத்திருக்கிறதாம். பக்கத்தில் செக்கன்கள் ஏறிக்கொண்டிருந்தன. இருபதிலும் ஒரே எண். கால எல்லை இல்லை என்று போட்டிருந்தது.

சேர்வரின் பதிவில் ஒரே ஒரு பெயர்தான் ஓடியது.

ஸுல்பிகா கேட்கிறது. மறுக்கப்பட்டது.

ஸுல்பிகா கேட்கிறது. மறுக்கப்பட்டது.

முதலில் செக்கனுக்கு ஒன்று. பிறகு மூன்று. பிறகு வாசிக்க முடியவில்லை.

டக்.

பதின்மூன்றுக்கும் பதினான்குக்கும் இடையிலிருந்து.

டக்... டக்...

கீபோர்ட் சத்தம். அங்கே கீபோர்ட் இல்லை.

என் கதிரை பின்னால் இழுபட்டது. ஒரு சாண். நான் அதில் இருந்தேன். என் கால்கள் தரையில் ஊன்றியிருந்தன.

6.54.

நஸ்ரின் அழுதுகொண்டிருந்தார். குரல் மட்டும் நடுங்கவில்லை.

"இருபது பிள்ளைகள் அண்ணா. ஒரு இடம் கூடக் குடுத்தா என்ன?"

"சேர் வேண்டாமெண்டவர்."

"சேர் இங்க இல்லையே."

6.56. தடுத்த வரியை அழித்தேன். இருபதை இருபத்தொன்றாக மாற்றினேன்.

சத்தம் நின்றது.

இருபது திரைகளும் ஒன்றாக லொகினுக்கு வந்தன.

அந்த இடைவெளியில் யாரோ வேகமாக ஒரு பெயரை அடித்தார்கள். கடைசியில் ஒரு தட்டு, பலமாக.

7.00. நஸ்ரினின் போன் அடித்தது. கொழும்புக் கம்பனி ஆள்.

"எல்லாம் சரி மிஸ். இருபத்தொன்றும் தெரியுது. ஒன்றில மட்டும் ஆரோ இப்பவே உள்ளுக்கு வந்திட்டாங்க. நாளை வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க."

கதவைப் பூட்டாமல் இறங்கி ஓடினோம்.

பரீட்சை நடந்தது. ஒரு பிரச்சினையும் இல்லை. மூன்று கிழமைக்குப் பிறகு ஸாலிஹா என்றொரு தாய் அந்தப் படிகளில் ஏறி வந்தாராம். கையில் கம்பனியின் நியமனக் கடிதம். முதலிடம். பெயர் ஸுல்பிகா. கடிதத்தைப் பிடித்தபடி அந்தக் கதிரைக்கு முன்னால் நின்றிருக்கிறார். நஸ்ரின்தான் எனக்குச் சொன்னார்.

அதன் பிறகே பாக்கியரத்தினம் சேர் வாய் திறந்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பரீட்சை. அப்போது இருபத்தொரு பிள்ளைகள். ஒரு பெட்டி லொகினுக்கு வரவில்லை. அது ஸுல்பிகாவின் பெட்டி. திருத்துபவனுக்குப் போன் எடுத்திருக்கிறார்கள். 11.20 வரைக்கும் அவள் கறுப்புத் திரைக்கு முன்னால் காத்திருந்தாள். பிறகு எழும்பிப் போனாள். கீழே வளைவில் ஒரு லொறி. கிண்ணியா மையவாடியில் அடக்கினார்கள். அன்றிரவிலிருந்து அந்தப் பெட்டியின் திரை தானாக ஒளிரத் தொடங்கியது. சேர் அதைக் குச்சவெளி மீனவர் ஒருவரிடம் கொடுத்து, வெளிக்கடலில் போடச் சொல்லிவிட்டார்.

நான் செய்கிற ஒவ்வொரு வேலையையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பவன். சேர் சொன்ன திகதியைத் தேடினேன். மட்டக்களப்புக் கடையொன்றில் இருந்துகொண்டு, ஒரு நாளைக்கு முப்பது பேருக்குப் போனில் பதில் சொன்ன காலம் அது. கையெழுத்து என்னுடையதுதான்.

"காலை 9.10. ஓர்ஸ் ஹில் நிலையம். 21இல் ஒன்று லொகின் வரவில்லை. தூரத்திலிருந்து உள்ளே போய், அந்த ஒன்றை விட்டுவிட்டுப் பட்டியலைக் குறைத்தேன். இருபது போதும் என்றேன். எட்டு நிமிஷ வேலை."

இன்றுவரைக்கும் அந்த அழைப்பு எனக்கு ஞாபகம் வரவில்லை.

நிலையம் மூடப்பட்டுவிட்டது. பாக்கியரத்தினம் சேர் மகளோடு மட்டக்களப்பில் இருக்கிறார். நஸ்ரின் கிண்ணியாவில் ஒரு பாமசியில் வேலை செய்கிறார். பரீட்சை எழுதிய இருபது பேரில் ஒன்பது பேருக்கு வேலை கிடைத்தது. ஸுல்பிகாவுக்கு வந்த பத்தாவது வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை. ஸாலிஹா கடிதத்தை அலுமாரியில் வைத்திருக்கிறார். பெட்டிகள் கிளிவெட்டிப் பக்கத்தில் ஒரு பாடசாலைக்குப் போயின. பட்டியலில் இருபத்தொன்று அப்படியே இருக்கிறது; குறைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். நான் இந்த வேலையை விட்டுவிட்டேன். ஸுல்பிகா மூன்று வருஷத்துக்கு மேலாகக் கிண்ணியா மையவாடியில் இருக்கிறாள்.