ரெண்டு மூடி வினிகர்

பொறாமையை மூடி மறைச்சுப் பேச எனக்கு வராது. அதனால முதல்லயே சொல்லிடுறேன், என் கொழுந்தன் பெண்டாட்டி மேல எனக்குப் பொறாமை. அவ நகைக்காக இல்ல, படிப்புக்காக இல்ல. என் மக தலை அவ கைக்குப் போச்சே, அதுக்காக.

எங்க ஊரு ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்துல. கண்மாய் இருக்கு, வயக்காடு இருக்கு, ஆனா வீட்டுல போர் போட்டா உப்புத் தண்ணிதான். சோப்பு நுரைக்காது. வாளி விளிம்புல வெள்ளையாப் படியும். அதுலயே குளிச்சு வளர்ந்த என் மகளுக்குத் தலை முழுக்கப் பொடுகு, முடி தேங்காய் நார் மாதிரி. ஏழாவது படிக்கிறா. ஆனாலும் தினமும் காலையில ஸ்கூல் பஸ் வர்றதுக்கு முன்னாடி சீப்பை எடுத்துக்கிட்டு என் முன்னால வந்து உக்காருவா. நான் ரெட்டைச் சடை போட்டு முடிக்கிறதுக்குள்ள, எவளுக்கு எவகூடச் சண்டை, எந்த டீச்சர் என்ன சேலை, எல்லாத்தையும் கொட்டிருவா. அந்தப் பத்து நிமிஷத்தை விட்டா அவ எங்கிட்ட வாயைத் திறக்க மாட்டா. சாப்பிட்டியான்னு கேட்டா 'ம்', படிச்சியான்னு கேட்டா 'ம்'.

கல்யாணம் முடிஞ்ச மூணாம் மாசம் கொழுந்தன் துபாய்க்குப் போயிட்டார். அவர் பெண்டாட்டி எங்க வீட்டுக்கு வந்து சேர்ந்தா. கோயம்புத்தூர்க்காரி. அந்த ஊர்த் தண்ணிக்கு முடி வழவழன்னு இடுப்புக்குக் கீழ தொங்குச்சு. ஒரே மாசத்துல எங்க போர் தண்ணி அதையும் வறட்டிருச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன். வாடி வா, இனி நீயும் எங்க ஆளுதான்னு நெனச்சேன்.

அவ சும்மா இருந்தாளா? போன்ல எதையோ பார்த்துட்டு ஒரு பாட்டிலை வரவழைச்சா. ஆப்பிள் சைடர் வினிகராம். பழுப்பு நிறம், அடியில கலங்கல், மூடியைத் திறந்தா புளிச்ச நீராகார வாடை. ஒரு செம்பு நல்ல தண்ணியில ரெண்டு மூடி கலந்து, தலைக்குக் குளிச்சதும் கடைசியா அதை ஊத்தி, கொஞ்ச நேரம் விட்டு அலசுவா.

"உப்புத் தண்ணியில படியிறதெல்லாம் இதுல போயிருங்க்கா. ரெண்டு மூடிக்கு மேல மட்டும் வேண்டாம், எரியும். நீங்களும் ஊத்திப் பாருங்க."

"ஏத்தா, ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போனாத்தான் நாங்க ஆப்பிளே வாங்குவோம். நீ என்னடான்னா தலைக்கு ஊத்துற"ன்னேன்.

அவ விழுந்து விழுந்து சிரிச்சா. கோவப்பட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

வண்டியில வர்ற குடிதண்ணியைத் தலையில ஊத்துறாளேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட வத்தி வச்சேன். "ஒரு செம்புதானே, விடு"ன்னுட்டார்.

ஒரு ஞாயித்துக்கிழமை என் மகளுக்கும் ஊத்திவிட்டா. நாலு வாரம். பொடுகு போச்சு. போகாம இருந்திருக்கக் கூடாதான்னு இருந்துச்சு எனக்கு. பெத்தவ நெனக்கிற நெனப்பா இது? ஆனா நெனச்சேன். திங்கக்கிழமை சீப்பு அவ ரூமுக்குப் போச்சு. அப்புறம் தினமும் அங்கனதான். நான் அடுப்படியில சட்னி அரைச்சுக்கிட்டு இருப்பேன், ரூமுக்குள்ள ரெண்டு பேரும் கெக்கே பிக்கேன்னு சிரிப்பாளுக. மிக்ஸியை நிப்பாட்டிட்டுக் காதைக் குடுப்பேன். நிப்பாட்டின உடனே அவளுகளும் குரலைக் குறைச்சுக்குவாளுக. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

அடுத்து ஒரு ஞாயித்துக்கிழமை. அவ திருவாடானை கோயிலுக்குக் காலையிலயே பஸ் ஏறிட்டா. எனக்கு இதை விட்டா வேற நேரம் ஏது? மகளைக் கூப்பிட்டேன்.

"வாத்தா, இன்னைக்கு நான் ஊத்தி விடுறேன்."

"சித்தி வரட்டும்மா."

அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்துச்சு. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் உக்கார வச்சேன். ரெண்டு மூடிக்கே இந்தப் பளபளப்புன்னா, கூட ஊத்துனா இன்னும் பளபளக்கும், அப்ப யாரு கை நல்ல கைன்னு தெரியட்டும்னு ஒரு வீம்பு. தண்ணியும் கலக்கல, ஒண்ணும் கலக்கல. பாட்டிலை அப்படியே தலையில கவுத்தேன். அன்னைக்குன்னு பார்த்துப் பேனுக்காக நான் வேற தலையைச் சீப்பால நல்லாச் சுரண்டி விட்டிருந்தேன்.

பிள்ளை அலறிட்டா. கண்ணுலயும் இறங்கிருச்சு. கையைக் காலை உதைச்சுக்கிட்டு, "சித்தி! சித்தி!"ன்னு கத்துறா. சித்தி திருவாடானையில இருக்கா. நான் இங்கன, பிள்ளை தலைமாட்டுல நிக்கிறேன். ஒரு தடவைகூட அம்மான்னு கூப்பிடல. இருந்த ரெண்டு குடம் நல்ல தண்ணியையும் அவ தலையிலயும் கண்ணுலயும் ஊத்தித் தீர்த்தேன்.

மத்தியானம் எங்க வீட்டுக்காரர் வயல்ல இருந்து வந்து, செவந்து கெடந்த தலையைப் பார்த்துட்டுக் குதிச்சார். "எவ செஞ்ச வேலை இது?" அப்பத்தான் அவ பஸ்ஸை விட்டு இறங்கி, கையில விபூதிப் பொட்டலத்தோட உள்ள வாரா. பிள்ளையைப் பார்த்தா, காலி பாட்டிலைப் பார்த்தா, என் மூஞ்சியைப் பார்த்தா.

"என் தப்புங்க மாமா. எவ்வளவு ஊத்தணும்னு அக்காகிட்டச் சொல்லாமப் போயிட்டேன்."

ஒரு தடவையா சொன்னா? பத்து தடவை சொன்னவ. எங்க வீட்டுக்காரர் அவளைப் பிடி பிடின்னு பிடிச்சார், அவ தலையைக் குனிஞ்சு நின்னா. நான் வாயைத் திறக்கல. என் மக என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. அவளுக்குத் தெரியும். என் கெட்ட பேரை வாங்கிக்கிட்டதுலயும் சித்திக்காரியே என்னை ஜெயிச்சுட்டாளேன்னு, அந்த நேரத்துலயும் எனக்கு அவ மேல பொறாமைதான் வந்துச்சு.

நாலு நாள் தேங்காயெண்ணெய் தடவி எரிச்சல் அடங்குச்சு. வெள்ளிக்கிழமை காலையில என் மக சீப்பைக் கொண்டாந்து என் முன்னால உக்கார்ந்தா. அவசரமாக் கையைத் துடைச்சுக்கிட்டுச் சீப்பை வாங்குனேன்.

"சித்திதான் சொன்னாக. இனிமே அம்மாவே பின்னட்டும்னு."

வலிக்காமப் பின்னுனேன். "ஸ்கூல்ல என்னத்தா விசேஷம்?"னு கேட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா."

ரிப்பனைக் கட்டி முடிச்சதும் பையை மாட்டிக்கிட்டு எந்திரிச்சுப் போனா. நான் அடுப்படிக்குப் போய் மிக்ஸியைப் போட்டேன். பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்துச்சு. சித்திக்காரி ரூம்ல இருந்து ரெண்டு பேர் சிரிக்கிற சத்தம் வந்துச்சு. மிக்ஸியை நிப்பாட்டுனேன்.