ஐந்தாம் எண்ணின் நகம்

கள்ளக்குறிச்சியில் நான் விலங்கியல் கற்பித்த கல்லூரியில் பன்னிரண்டு வெள்ளை எலிகளை வளர்த்தேன். ஒரு கூண்டுக்குத் தீட்டிய அரிசி, இன்னொன்றுக்குக் கல்வராயன் மலைச் சாமை. அரிசிக் கூண்டு இளைத்தும் சாமைக் கூண்டு கொழுத்தும் வந்தன. அதை எழுதி ஆராய்ச்சிப் பட்டம் வாங்க வேண்டும் என்பது என் ஆசை. ஒவ்வொன்றின் முதுகிலும் எண்ணுக்கு அடையாளமாகப் பிக்ரிக் அமிலத்தால் மஞ்சள் கோடுகள் இட்டிருந்தேன்.

தீனி வைத்தவர் மலையிலிருந்து வந்த தற்காலிக உதவியாளர். அவருக்குக் கோடு தேவைப்படவில்லை.

"அரிசிக் கூண்டு ஒம்பது கோவக்காரி சார். கதவத் தொறந்தா வெரலத்தான் பாப்பா. சாமைக் கூண்டு அஞ்சு பயந்தாங்கொள்ளி. மூலைக்கு எடுத்துக்கினு போயி முதுகக் காட்டிக்கினு திம்பா."

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்கள் வெட்டுண்டு கிடந்தன. மறித்தவர்களில் என் உறவினர்களும் உண்டு. என் ஊரான சின்னசேலத்திலிருந்து ஒரு வாரம் என்னால் வர முடியவில்லை. உதவியாளர் ஆய்வகத்திலேயே தங்கி எலிகளைக் காப்பாற்றினார். என் வீட்டிலோ, மலைக்காரர் என்பதாலேயே அவருக்கு வேலை கிடைத்தது என்று பேச்சு. நானும் பேசினேன். சாமை மூட்டை அவர் கையில் இருக்கிறதே என்ற நினைப்பு எனக்கு அங்கேயே முளைத்துவிட்டது.

திரும்பி வந்தபோது கோடுகள் மங்கியிருந்தன. எடைபோடும் அவசரத்தில் இரண்டு கூண்டு எலிகளையும் ஒரே கூடையில் போட்டு, எஞ்சிய சுவட்டை வைத்துப் புதுக்கோடு இழுத்து, அதன்படி கூண்டுகளில் பிரித்து விட்டேன். ஐந்தாம் எண் பாதியாக இளைத்திருந்தது.

"சாமைய இன்னாய்யா பண்ணின? வூட்டுக்கு அனுப்பிட்டியா?"

அவர் கூண்டுக்குள் விரலை நீட்டினார். எலி கடித்தது.

"இது அஞ்சு இல்ல சார், கோவக்காரி. நீங்க மாத்திப் போட்டுட்டீங்க."

"எலிக்கு ஜாதகம் எழுதி வச்சிருக்கிறியா?"

"அஞ்சுக்குப் பின்னங்கால்ல ஒரு நகம் கெடையாது. அரிசிக் கூண்டுல பாருங்க சார்."

அரை நிமிட வேலை. நான் பார்க்கவில்லை. ஒன்பதாம் எண் திடீரென்று கொழுத்திருந்ததைத் தராசில் கண்டும் ஒதுக்கினேன். தீனி திருட்டு என்று கல்லூரி முதல்வருக்கு எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள்.

போகும்போது வாசலில் நின்று, "கோவக்காரிக்கு மொதல்ல தண்ணி வைங்க சார். இல்லன்னா மத்ததுங்களக் கடிச்சிடுவா" என்றார். அதிலும் ஏதோ சூது இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து எலிகளைக் குளோரோஃபாமில் கொன்று, மாணவர்கள் முன் அறுத்தேன். ஒன்பதாம் எண்ணை மல்லாத்திக் கால்களில் குண்டூசி குத்தும்போது பார்த்தேன். இடது பின்னங்காலில் ஒரு விரலுக்கு நகமில்லை. நோட்டைப் புரட்டினேன். எலிகள் வந்த நாளில் என் கையெழுத்திலேயே இருந்தது: "ஐந்து: இடது பின்னங்கால், ஒரு நகம் இல்லை."

அந்தக் காலைப் பஞ்சால் மூடிவிட்டு மாணவர்களுக்கு ஈரலைக் காட்டினேன்.

அந்த இரண்டு எலிகளையும் ஆய்விலிருந்து நீக்கினேன். பட்டம் வந்தது. முதல்வருக்கு இரண்டாவது கடிதம் எழுதவில்லை. இரண்டு மாதமும் அரிசிக் கூண்டின் மூலையில் ஓர் எலி எனக்கு முதுகைக் காட்டித் தின்றுகொண்டிருந்தது. தினமும் பார்த்தேன்.