காபி ஆறுது

அப்பா தன் வாழ்நாளில் ஒரே ஒரு ரெக்கார்டு போட்டார். விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர் வாடகை வீட்டின் படுக்கையறையில், ஜன்னலுக்கு ஜமக்காளத்தைக் கட்டி, ஒவ்வொரு விமானமும் இறங்கித் தொலையட்டும் என்று காத்திருந்து, ஒரு சின்தசைசரில் வாசித்துப் பதிவு செய்தது. பாட்டு கிடையாது, வெறும் மின்னிசை. அந்தக் காலத்தில் அதை யார் சீந்தினார்கள்? விற்றதைவிடச் சொந்தக்காரர்களுக்குச் சும்மா கொடுத்ததுதான் அதிகம்.

கடைசி இசை அடங்குகிற இடத்தில் அம்மா கதவைத் திறந்து, "ஏங்க, காபி ஆறுது" என்பாள். ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் அதை வெட்டச் சொன்னார்களாம். முடியவே முடியாது என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றிருக்கிறார். அம்மா போன பிறகு, அவள் குரல் என்று எங்களுக்கு மிஞ்சியது அந்த மூன்று சொற்கள்தான். முடிச்சூருக்குக் குடிவந்தோம். அங்கே வந்த வெள்ளத்தில் ரெக்கார்டு, மாஸ்டர் டேப் எல்லாம் போயிற்று. சொந்தக்காரர்களைக் கேட்டால், எப்போதோ பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள்.

போன வருஷம் அலுவலகத் தோழி ஒருத்தி போனில் ஒரு படம் அனுப்பினாள். அப்பாவின் ரெக்கார்டு, புத்தம் புது அட்டையில். நாவலூரில் ஐடி வேலை பார்க்கும் ஒருவன், கிடைக்காத பழைய ரெக்கார்டுகளைத் தேடிப்பிடித்து, யாரையும் கேட்காமல் நகலடித்து விற்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் அப்பன் வீட்டுச் சொத்தா அது? என் அப்பன் வீட்டுச் சொத்து.

போன் போட்டுக் கிழித்தேன். போலீசுக்குப் போவேன் என்றேன். அவன் நிதானமாகத்தான் பேசினான்.

"நான் பண்ணலன்னா, இப்படி ஒரு மியூசிக் இருந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காதுக்கா."

அது உண்மை என்பதால் இன்னும் எரிந்தது. கட்டிலில் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"சண்டைய அப்புறம் போட்டுக்கோம்மா. மொதல்ல ஒண்ணு வாங்கிட்டு வா. அவ குரலக் கேக்கணும்."

மானத்தை விட்டு நாவலூர் போய் வாங்கி வந்தேன். பிளேயர் ஒன்றை இரவல் வாங்கி வைத்தேன். அப்பா தலையணையில் சாய்ந்து கேட்டார். விரல்கள் போர்வை மேல் வாசித்துக்கொண்டிருந்தன. கடைசி இசை அடங்கும்போது, "இரு, இப்ப வருவா" என்று கையை உயர்த்தினார். ரெக்கார்டு சுற்றி முடித்து நின்றது. ஒன்றும் வரவில்லை.

வாசலுக்கு வந்து அவனை அழைத்தேன். பெருமையாகச் சொன்னான்: கீறல் சத்தம், விமான இரைச்சல் எல்லாவற்றையும் சுத்தம் செய்தானாம். முடிவில் யாரோ தெரியாமல் உள்ளே வந்து பேசியிருந்தார்களாம், அதையும் துடைத்துவிட்டானாம். சுத்தம் செய்யாத பதிவு? அழித்தாயிற்று. மூல ரெக்கார்டு? வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு விற்றாயிற்று, யாரென்று தெரியாது.

"திருடுனதுதான் திருடுன, முழுசாத் திருடித் தொலைச்சிருக்கக் கூடாதாடா பாவி," என்றேன். போனை வைத்தேன்.

உள்ளே போனேன். அப்பாவின் கை இன்னும் இறங்கவில்லை.

"என் காதுதான் மந்தமாயிடுச்சு போல," என்றார். "இன்னொரு தடவ போடும்மா."

போட்டேன்.