தையற்காரருக்குச் சொன்ன சொல்

2003 நவம்பர் 12, புதன்கிழமை. காலை ஆறு மணிக்குப் பால் வாங்கினேன். மெட்ரோவில் வங்கிக்குப் போய் வழக்கமான வேலைகளை முடித்தேன். மாலையில் அத்திம்பேருடன், அடுக்குமாடி கட்டி விற்கும் ப்ரோமோட்டரின் அலுவலகத்துக்குச் சென்றேன். கொல்கத்தாவின் காளிகாட்டில் நாங்கள் இருவரும் முதலீடாக வாங்கிய பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட அன்று ஒப்பந்தம்.

வரைபடத்தில் கீழ்த்தளம் முழுக்கக் கார் நிறுத்துமிடமாக இருந்தது. பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்குக் கடை வைத்திருந்த தையற்காரருக்குப் புதுக் கட்டடத்திலும் கடை உண்டு என்று நான் சொல்லியிருந்தேன். அதை நம்பித்தான் அவர் வழக்குப் போடாமல் காலி செய்ய ஒப்புக்கொண்டார். நான் பேனாவை மூடினேன்.

"எழுதியா குடுத்திருக்கே? வாயால சொன்னதுதானே!" என்றார் அத்திம்பேர்.

"அவர் எழுதிக் கேக்கலை. கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"பெரிய சத்தியசந்தர் வந்துட்டார்! அந்த தர்ஜி உனக்கு இனாமா சட்டை தெச்சுத் தரானா?"

"காசு வாங்கிண்டுதான் தைக்கறார். ஆனா சொன்ன தேதியில தரார்."

அப்படியானால் வேறு வீடு பார்த்துக்கொள்வேன் என்றார் ப்ரோமோட்டர். தாராளமாகப் பாருங்கள், கடை இல்லாத வரைபடத்தில் என் கையெழுத்து விழாது என்று வங்காள மொழியில் சொல்லிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, இடிப்பதற்காக ப்ரோமோட்டரிடம் முன்பே கொடுத்திருந்த வீட்டுச் சாவியைத் திரும்ப வாங்கி வந்தேன்.