டீசல் மூடியில் வைத்த பொட்டு

எங்களுக்கு வீடு என்றால் வண்டிதான். நானும் என் வீட்டுக்காரரும் ஊர் ஊராகப் போய், பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைப் பிரித்து, பஞ்சை மிஷினில் அடித்து, புது உறை போட்டுத் தைத்துக் கொடுக்கிறவர்கள். எப்போதாவது போய்ப் பூட்டைத் திறக்கிற வாடகை வீடு எதற்கென்று அதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. நாமக்கல் பட்டறையில் பாடி கட்டிய பழைய டீசல் வேன். பின்னால் பாதி மிஷின், மீதிப் பாதியில் ஒரு பலகைக் கட்டில், அடுப்பு, குடம், சாமி படம், நாங்கள் இரண்டு பேர்.

மோகனூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்தியிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்ஸில் சேலம் கொண்டு போனோம். ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள், எடுத்துவிட்டோம் என்றார்கள். இனி எடை தூக்கக் கூடாது, மனசு கலங்குகிற சேதி எதையும் அவரிடம் சொல்லக் கூடாது, ஒரு மாதத்துக்குக் கூப்பிட்ட நேரத்துக்கு வந்து காட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எல்லாரும் நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். நான் வீட்டை நோயாளியிடம் கொண்டு போக வேண்டியிருந்தது. ஓமலூர் ரோட்டில், எங்களிடம் மெத்தை அடிக்கக் கொடுக்கிற ஒருவர் தன் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தார். டிஸ்சார்ஜ் அன்று சாய்ந்தரம் ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் கட்டிலுக்கு வேறு ஆள் வந்துவிடும். அதற்குள் நான் போய்ச் சேராவிட்டால், மருந்துக் கவரோடு அவர் வராந்தா தரையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்று காலையில் சேலத்திலிருந்து பஸ் ஏறித் தோப்புக்கு வந்தேன். வண்டி ஓட்டுவேன், லைசென்ஸும் இருக்கிறது. ஆனாலும் கணக்கு வாத்தியார் பலகைக்குக் கூப்பிட்டுவிடுவாரோ என்கிற பயத்திலேயே ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எதற்கும் எனக்கு முதலில் வருவது பயம்தான். அவர் பக்கத்தில் இல்லாமல் அவ்வளவு தூரம் ஓட்டியதும் இல்லை. கேனில் வாங்கி வந்த டீசலை ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன்.

புதுச்சத்திரம் தாண்டியதும் இழுவை குறைந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் ஏறவில்லை. இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிட்டது.

ஏர் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். டீசல் வருகிற வழியில் காற்று புகுந்துவிட்டால் இஞ்சின் நின்றுவிடும். அந்தக் காற்றை வெளியே எடுக்க எங்களுக்குள் ஒரு முறை உண்டு. நான் கை பம்பை அடிப்பேன், அவர் பில்டர் மேல் இருக்கிற போல்ட்டைத் தளர்த்தி நுரையைப் பார்ப்பார். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் "போதும்" என்பார். அந்த "போதும்" சொல்ல ஆள் இல்லாமல் அன்றைக்கு நானே ஸ்பேனரைப் பிடித்தேன், நானே பம்பை அடித்தேன், நானே குனிந்து பார்த்தேன். பம்புக் குமிழ் வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் உள்ளே யாரோ பிடித்து இழுப்பது போலிருந்தது. பயத்தில் கை தளர்ந்திருக்கிறது, அதனால்தான் என்று விட்டுவிட்டேன். பெரிதாக நுரை ஒன்றும் வரவில்லை. ஆனால் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ராசிபுரம் பிரிவுக்கு முன்னால் மறுபடியும் அதே குலுக்கல், அதே நிற்பு.

இந்த முறை பில்டரையே மாற்றினேன். கட்டிலுக்கு அடியில் புதிது ஒன்று வைத்திருப்பார். பழையதைக் கழற்றிக் கொட்டிப் பார்த்தேன். தண்ணீரும் இல்லை, கசடும் இல்லை. குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவி, எங்காவது ஈரம் கசிகிறதா என்று பார்த்தேன். எல்லாம் காய்ந்துதான் இருந்தன. கோளாறு கண்ணில் பட்டிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அப்போது திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று ஓரம் கட்டியது. ஆழ்குழாய்க் கிணறு போட்டுவிட்டுத் திரும்புகிற வண்டி, ஆள், வண்டியெல்லாம் வெள்ளைப் புழுதி. டிரைவர் தலையை நீட்டி, எங்கள் வண்டிக்குள் கொடியில் தொங்கிய துணிகளைப் பார்த்தார்.

"என்னக்கா, ஊடே நடுரோட்டுல நின்னு போச்சாட்ட இருக்குது?"

"டீசல் எடுக்க மாட்டேங்குது சாமி."

"கயித்தக் கட்டி ராசிபுரத்துல ஒரு பட்டறைல உட்டுட்டுப் போறேன். ரெண்டு நாள்ல பாத்துக் குடுத்துருவாங்க."

"ரெண்டு நாளா? சாயங்காலத்துக்குள்ள நான் சேலத்துல இருக்கோணுங்க."

"இந்த வண்டியிலயா?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "செரி, சித்த நேரம் பாருங்கக்கா. பின்னால எங்க சப்போர்ட் வண்டி வருது. முடியலீன்னா கை காட்டுங்க, கட்டி இழுத்துக்குவாங்க."

அவர் போன பிறகு போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"எங்க வந்துட்ட அம்மிணி?"

"ராசிபுரங்கிட்டங்க. வந்துட்டே இருக்கறேன்."



"வந்துட்டே இருக்கறவ வண்டிக்குள்ள மைனா கத்துது. இஞ்சின் சத்தத்தையே காணோம்?"

மனசு கலங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன ஆளிடம் இனி என்ன மறைப்பது?

"நின்னு நின்னு போகுதுங்க. ஏர் எடுத்தேன், பில்டரு மாத்துனேன்."

"டீசல் இருக்குதான்னு பாத்தயா?"

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "ஏனுங்க, இத்தனை வருசமா கூட இருந்துட்டு அதுகூடத் தெரியாமயா இருப்பேன்? காத்தாலதான ஊத்துனேன்."

"வாயில சொல்லாத. குச்சிய உட்டுப் பாரு."

பின்னால் நர்ஸ் அவரை அதட்டுவது கேட்டது. போன் நின்றது.

வண்டியில் டீசல் முள் செத்துப் பல காலம். வேப்பங்குச்சியை விட்டுத்தான் அளவு பார்ப்போம். குச்சி நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவருக்கு ஒரு பதில் கொடுக்க வேண்டும் என்கிற வீம்பில்தான் மூடியைத் திருகினேன். அரைத் திருகு திரும்பியதும் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். வெளியே வருகிற காற்று இல்லை, உள்ளே போகிற காற்று. டேங்க் அத்தனை நேரம் மூச்சடைத்துக் கிடந்ததைப் போல, இழுத்துக்கொண்டே இருந்தது.

மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். டீசல் குறையக் குறைய உள்ளே காற்று போவதற்கு நடுவில் ஊசித் துவாரம் ஒன்று இருக்கும். காற்று போகாவிட்டால் டீசல் இஞ்சினுக்கு வராது. அதைக் காணோம். அதன் மேல் சந்தனம் கல்லாகக் காய்ந்திருந்தது. சந்தனத்தின் மேல் குங்குமம்.

ஆயுத பூஜைக்கு நான் வைத்தது. வருஷா வருஷம் ஸ்டியரிங்குக்கு அவர் வைப்பார், மிஷினுக்கு நான் வைப்பேன், அத்தோடு சரி. இந்த வருஷம் அவர் ஆஸ்பத்திரியில் கிடக்க, ஒற்றை ஆளாக பஸ் ஏறி வந்து பூஜை போட்டேன். ஏதாவது ஒன்றை விட்டுவிட்டால் அது அவர் தலையில் போய் விடியும் என்று பயம். சக்கரம், ஜாக்கி, ஸ்பேனர், கத்தரிக்கோல் என்று எதையும் விடவில்லை. டீசல் மூடியின் நடுவில் பொட்டு வைக்கவே செய்தது போல ஒரு சின்னக் குழி இருந்தது. அதில் நிறையவே அப்பியிருந்தேன்.

வேஸ்ட் துணி கையில் இருந்தது. டீசலில் நனைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போய்விடும். கை போகவில்லை. புருஷன் ஆஸ்பத்திரியில் இருக்கிறபோது பெண்டாட்டி தன் கையால் குங்குமத்தை அழிப்பதா? பைத்தியக்காரத்தனம் என்று எனக்கே தெரியும். தெரிந்தும் துணியைக் கீழே வைத்துவிட்டேன். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் மூடியை ஏந்திக்கொண்டு நின்றேன். வெயில் மேற்கே சாய ஆரம்பித்திருந்தது. வராந்தாத் தரையில் அவர் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற காட்சி கண்ணுக்கு முன்னால் வந்தது.

தாலிக்கொடியில் எப்போதும் இரண்டு ஊக்கு கோத்திருப்பேன். ஒன்றைக் கழற்றி நிமிர்த்தி, மூடியின் உள்பக்கமாக விட்டுக் குத்தினேன். சந்தனம் அசையவில்லை. அழுத்திச் சுழற்றினேன். மாவு மாதிரி உதிர்ந்தது. கடைசியில் பொட்டின் நடுவில் ஊசி முனை எட்டிப் பார்த்தது. ஓரத்தில் குங்குமம் கொஞ்சம் பெயர்ந்து மண்ணில் விழுந்தது. அதை நான் குனிந்து பார்க்கவில்லை. உதட்டை வைத்து ஊதிப் பார்த்தேன். வாயெல்லாம் டீசல் நாற்றம், ஆனால் காற்று போனது. மூடியைத் திருகிவிட்டுப் பம்பை அடித்தேன். குமிழ் லேசாக இறங்கி, லேசாக ஏறியது.

ரிக்கின் சப்போர்ட் வண்டி வந்தபோது நான் ஸ்டியரிங்கில் இருந்தேன். கையைக் காட்டினேன், போகச் சொல்லி.

போன முறை நிற்பதற்கு முன் ஓடிய அளவு தூரம் ஓடி முடிக்கிற வரை மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஓட்டினேன். மல்லூர் தாண்டியும் நிற்கவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வராந்தாவுக்கு வந்திருந்தார். தரையில் இல்லை, யாரோ பெஞ்சில் இடம் கொடுத்திருந்தார்கள். கைத்தாங்கலாக அழைத்து வந்தேன். விஷயத்தைச் சொன்னதும், ஏறுவதற்கு முன்னால் மூடியைத் தடவிப் பார்த்தார்.

"பொட்டுலயே ஓட்டை போட்டுட்டயே அம்மிணி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலில் படுக்க வைத்து, தலைக்கு இரண்டு தலையணை கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

ஓமலூர் ரோட்டில் கொட்டகைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஓரமாக நிறுத்தினேன். மூடியைத் திருகிப் பார்த்தேன். சத்தம் இல்லை. பிறகு பின்கதவைத் திறந்தேன். கண்ணை மூடியிருந்தவர் திறந்தார்.

"என்ன, நின்னு போச்சா?"

"இல்லீங்க. சும்மா பாக்கலாம்னு."

"என்னையா, வண்டியவா?"

"பேசாம படுங்க" என்று கதவைச் சாத்தினேன்.