வரப்புக்கு அந்தாண்ட நின்ற எலுமிச்சை

நேற்று மாலை என் மகள் கோழிக்கறி வைத்தாள். வேலை விட்டு வந்து, கட்டிய புடவையைக்கூட மாற்றாமல், மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துச் செய்த அவசரக் கறி. கறி வெந்து பாலாடையும் ஊற்றியாகிவிட்டது. கொதிக்கிற சட்டிக்கு மேலே எலுமிச்சை மூடியைப் பிடித்து அவள் விரல்கள் இறுகப்போன நேரத்தில், கூடத்தில் செய்தித்தாளுக்குள் முகம் புதைத்திருந்த நான் குரல் கொடுத்தேன்.

“இறக்கி வச்சிட்டுப் புழிடி. திரிஞ்சிடப் போவுது.”

“அங்கேயிருந்து எப்படிம்மா தெரியுது?” என்றாள். மூக்கு இருக்கிறதே என்றேன். அது பாதி உண்மை. அந்த வாக்கியம் என்னுடையது அல்ல. என் வாயை அவ்வப்போது இரவல் வாங்கிக்கொள்கிற ஒருவருடையது.

மற்ற வாசனைகள் மெதுவாக, செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வருகின்றன. எலுமிச்சைக்கு அந்த மரியாதை கிடையாது. நேராகக் கண்ணில் வந்து விழும். செய்தித்தாளை மடித்து வைத்தேன். எழுத்துகள் கலங்கியதற்குப் பழம்தான் காரணம் என்று மகள் நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

அப்போது புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர்க் கொம்யூனில், செலியமேட்டைத் தாண்டி வயல் ஓரத்தில் எங்கள் வீடு. ஓரம் என்றால் ஒரு ராஜ்ஜியத்தின் ஓரம். வீட்டுக்குப் பின்னால் கீரைப்பாத்தி, அதற்கப்பால் ஒரு வயல், அப்புறம் ஒரு வரப்பு. வரப்புக்கு இந்தாண்ட பிரெஞ்சுக்காரன் சீமை, அந்தாண்ட இங்கிலீஷ்காரன் சீமை. நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு கல். அதில் எருமைகள் முதுகு சொறிந்துகொள்ளும். எங்கள் எருமை காலையில் இங்கிலீஷ் புல்லை மேய்ந்து மாலையில் பிரெஞ்சுப் பால் கறந்தது. ஒரு சுங்கக்காரரும் அதைக் கேட்கவில்லை. நாற்று நடுகிற பெண்கள் ஒரு காலை அந்த அரசாங்கத்திலும் ஒரு காலை இந்த அரசாங்கத்திலும் ஊன்றிக்கொண்டு வெற்றிலை போட்டார்கள். நானும் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது தாண்டியிருப்பேன். வரப்பைத் தாண்டுகிறோம் என்றுதான் தோன்றும், தேசத்தைத் தாண்டுகிறோம் என்று தோன்றவே தோன்றாது.

இத்தனைக்கும் எல்லை வரைவதே எனக்குப் பிழைப்பு. பத்தொன்பது வயதில், பாகூரில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியை. கரும்பலகையில் பிரெஞ்சு நிலத்தைத் துண்டு துண்டாக, எலி கடித்த துணி மாதிரி வரைந்து காட்டுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். “நில்” என்பேன். நாற்பது பேரும் எழுந்து நிற்பார்கள். “உட்கார்” என்கிற வரைக்கும் ஒருத்தி அசைய மாட்டாள். என் அதிகாரத்தில் எனக்கு அப்போது அபாரமான மயக்கம்.

அப்பா சைகோனில் பட்டாளத்தில் இருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான். மூன்றாவதாக மாமா வந்து சேர்ந்தார். அம்மாவின் தம்பி, ஆரோக்கியம். அவர் ஊர் அந்தாண்ட, வரப்பில் நின்றால் அடுப்புப் புகை தெரிகிற தூரம். சின்ன வயதில் புதுச்சேரியில் ஒரு துரை வீட்டுக் குசினியில் வேலை பார்த்து வெள்ளைக்காரச் சமையல் கற்றுக்கொண்டவர். அப்புறம் ஊருக்குத் திரும்பினார், கதர் கட்டினார், கள்ளுக்கடை வாசலில் மறியலுக்கு நின்றார். ஒரு போலீஸ்காரர் ஓங்கிய தடியைப் பிடுங்கி ஏரியில் எறிந்தார். தடி மிதந்தது, இவர் பெயரில் வாரண்டு வந்தது. ஒரு விடியற்காலை வரப்பைத் தாண்டி வந்து, “அக்கா, பசிக்குது” என்று அடுப்படியில் உட்கார்ந்தவர்தான்.

எட்டு மாதம் ஆயிற்று. இந்தாண்ட இருக்கும்வரை அந்தாண்டப் போலீசு அவரைத் தொட முடியாது. அதனால் தினமும் மாலையில் வரப்புவரைக்கும் போவார். கல்லுக்குப் பக்கத்தில் நின்று தன் ஊர்ப் புகையைப் பார்ப்பார். கட்டைவிரல் நகம்கூட அந்தப் பக்கம் நீளாது. கறி தின்ற நாளில் மட்டும் ஓர் எலும்பைக் கையில் கொண்டுபோய் அந்தாண்ட எறிவார்.

“இதாவது வூட்டுக்குப் போவட்டும்” என்பார்.

அந்த எலுமிச்சை மரம் வரப்பிலிருந்து நாலு எட்டு தள்ளி, இங்கிலீஷ் மண்ணில் நின்றது. அம்மாவின் பங்காளி வீட்டு மரம். எங்கள் வீட்டு ஊறுகாய் முழுக்க அதன் காய்தான்.

அன்று வியாழக்கிழமை. என் வேலை நிரந்தரமாகிவிட்டது என்று முத்திரை குத்திய காகிதம் வந்திருந்தது. என்ன வேண்டும் என்று மாமா கேட்டார். நான் துரை வீட்டுக் கோழி வேண்டும் என்றேன். புடவையோ வளையலோ கேட்டிருக்கலாம். நாக்கு நீளம் எனக்கு, இன்றைக்கும் குறையவில்லை. நாலு நாளாக அம்மா ஒரு சட்டியில் பாலாடை சேர்த்துவந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, எங்களைப்போல் கிறிஸ்து வேதக்காரர் வீட்டில் கறி ஆகாது. சனிக்கிழமை வரை ஆடை புளிக்காமல் தாங்காது. ஆக, பொழுது சாய்வதற்குள் அன்றைக்கே ஆகவேண்டும்.

மாமா சேவலை அறுத்துச் சின்னச் சின்னதாகத் துண்டு போட்டார். அம்மா பின்வாசற்படியில் நின்று வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு நாளா எவனோ ரெண்டு பேரு அந்தாண்டப் பனமரத்தடியில குந்தினு இருக்கானுங்க. மரம் ஏற வந்தவனுங்களாம். ஏறி நான் பாக்கல.”

“கள்ளு எறக்கறவன் என்னப் பாத்தா அவன்தாங்க்கா ஓடணும்” என்றார் மாமா.

அம்மா சிரிக்கவில்லை. காலையில்தான் அவள் வாசற்கதவில், சிலுவைக்கு அடியில் இருந்த ஆணியில், மூன்று எலுமிச்சம்பழத்தை மிளகாயோடு கோத்துக் கட்டியிருந்தாள். கோவில் சாமியார் பார்த்தால் வைவார். தம்பி தலைக்கு மேலே கத்தி தொங்கும்போது சாமியார் வைதால் என்ன என்பது அவள் கணக்கு.

நெய்யில் சின்ன வெங்காயமும் பூண்டும் சிவந்தன. கறி விழுந்து சத்தம் போட்டது. நுணுக்கிய மிளகு, உப்பு, ஒரு கை தண்ணீர், மூடி. நான் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொடுத்தேன். அரை மணி நேரத்தில் வெந்துவிட்டது, குஞ்சுச் சேவல். மாமா பாலாடையை ஊற்றிக் கரண்டியைச் சுழற்றினார். சாறு வெளுத்து, தடித்து, கரண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டது. அந்த வாசனையில் வீடே ஒரு நிமிஷம் துரை வீடாகிவிட்டது.

“எலுமிச்ச எங்கக்கா?”

அம்மா கதவைப் பார்த்தாள்.

“மூணையுமா கட்டிட்ட?”

“உனக்காவத்தான் கட்டனேன். கண்ணேறுக்குக் கட்டனத அடுப்படிக்குக் கொண்டாரக் கூடாது.”

“மேல சிலுவ, கீழ எலுமிச்ச. ரெண்டுல எது காப்பாத்துதுன்னு பாப்போம்.”

“வாயக் கழுவுடா. புளி இருக்குது, கரைச்சி ஊத்து.”

“துரை வூட்டுக் கோழிக்குப் புளியா? அதுக்கு அந்தச் சேவலு உசுரோடயே இருந்திருக்கலாம்.”

நான் எழுந்துவிட்டேன். “ஓடிப் பறிச்சினு வந்துடறேன் மாமா.”

“வேணான்டி” என்றாள் அம்மா.

“நாலு எட்டும்மா” என்றேன். எனக்கென்ன வாரண்டா இருக்கிறது.

ஓடினேன். வரப்பைத் தாண்டினேன். தாண்டியது நினைவில் இல்லை. முந்தானையில் மூன்று பழம் விழுந்ததும் பனைமரத்தடியில் இருந்த இருவரும் எழுந்து வந்தார்கள்.

“வாத்தியாரம்மாதான நீ? இன்னா, வூட்ல விருந்தா?”

“அம்மாவுக்குக் காச்சலு” என்றேன்.

பெரியவன் மூக்கை உயர்த்தினான். வயலுக்கு மேலே நெய்யும் கோழியும் மிதந்து வந்துகொண்டிருந்தன. “காச்சலுக்குக் கோழியா? எங்க வூட்ல கஞ்சிதாம்மா குடுப்பாங்க.”

சின்னவன் சிரித்தான். நான் தலையைக் குனிந்தேன். அப்போதுதான் அவர்கள் கால்களைப் பார்த்தேன். மரம் ஏறுகிறவன் காலில் காய்ப்பு இருக்கும். இவர்கள் கெண்டைக்காலில் வரிவரியாக வெளுப்பு. தினமும் முழங்கால்வரை துணிப்பட்டி சுற்றுகிற போலீஸ்காரனின் கால், வெயில் படாத கால்.

நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.

“நில்லு இங்கயே” என்றான்.

நின்றேன்.

பின்னால் நாலு எட்டில் வரப்பு. சின்னவன் பீடி பற்றவைத்தான். பெரியவன் எங்கள் வீட்டுப் பின்வாசலையே பார்த்தான். வீட்டில் சட்டி அடுப்பில் இருக்கிறது என்பது மட்டும் மனதில் ஓடியது. கொஞ்சம் போனால் அடிப்பிடிக்கும். கூப்பிடக்கூடாது, கூப்பிட்டால் அவர் வருவார். கூப்பிடாவிட்டாலும் வருவார். முந்தானையைப் பிடித்த கை மரத்துப்போய், ஒரு பழம் நழுவி மண்ணில் உருண்டது. குனிந்து எடுக்கவும் பயம்.

மாமா பின்வாசலுக்கு வந்தார். கையில் கரண்டி. “இன்னாடி, மரத்த நட்டுப் பறிக்கிறியா?” என்று கத்தியவர், என் பக்கத்தில் நின்றவர்களைக் கண்டதும் நிறுத்தினார். வயலில் இறங்கி நடந்து வந்தார். ஓடவில்லை. பெரியவன் நகர்ந்து வந்து என்னை ஒட்டினாற்போல நின்றுகொண்டான்.

கல்லுக்குப் பக்கத்தில், தினமும் நிற்கிற அதே இடத்தில், மாமா நின்றார்.

“புள்ளைய வுடு.”

“நாங்க இன்னா பண்ணோம்? வந்து கூட்டினு போ.”

“அவளுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“அதான் சொல்றேன். வா, வந்து கூட்டினு போ. நாலு எட்டுதான.”

“தம்பி, வேணான்டா” என்று கீரைப்பாத்தியில் இருந்து அம்மாவின் குரல். மாமா கரண்டியைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த வெள்ளைச் சாறு காய ஆரம்பித்திருந்தது. அதைக் கல்லின் தலையில் வைத்தார். அப்புறம் காலைத் தூக்கி அந்தாண்ட வைத்தார். எட்டு மாதம் தாண்டாத வரப்பு, ஒரு கால் அகலம்கூட இருக்காது.

அவர் தோளில் இரண்டு பேரின் கைகளும் ஒரே நேரத்தில் விழுந்தன. திமிறவில்லை. என்னைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்:

“போ. இறக்கி வச்சிட்டுப் புழி. திரிஞ்சிடப் போவுது.”

நான் திரும்பி நடந்து வரப்பைத் தாண்டினேன். யாரும் தடுக்கவில்லை. கரண்டியை எடுத்துக்கொண்டு கீரைப்பாத்திவரை வந்த பிறகுதான் உறைத்தது. முன்னாலும் யாரும் தடுக்கவில்லை. அவன் என் கையைப் பிடிக்கவில்லை. மிரட்டவில்லை. ஒரே ஒரு சொல் சொன்னான், என் வகுப்புப் பிள்ளைகளைப்போல நான் நின்றேன். நாலு எட்டு பின்னால் வைத்திருந்தால் நானும் பிரெஞ்சு மண்ணில் இருந்திருப்பேன், மாமாவும் வரப்பைத் தாண்டியிருக்க மாட்டார்.

அம்மா சட்டியை இறக்கினாள். இரண்டு பழத்தையும் பிழிந்தாள். திரியவில்லை. மூடி வைத்தோம். மறுநாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை அதை வாழைக்கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தாள். கதவில் கட்டிய மூன்று பழமும் தாமாக வற்றி உதிரும்வரை அங்கேயே தொங்கின. அவிழ்க்க அவளுக்கும் கை வரவில்லை, எனக்கும் வரவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்துக் கடலூர்ச் சிறையில் இருந்து மாமா வந்தார். பாதி ஆளாக வந்தார். சமைத்தார், கேலி பேசினார், அந்தக் கோழியை மட்டும் வைக்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“ஏன் மாமா தாண்டுன? என்னைய அவனுங்க ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டானுங்க.”

“தெரியும்.”

“அப்புறம்?”

“உன்னப் புடிச்சி வச்சினு இருந்தானுங்களே. கையில கரண்டிய வச்சினு வேடிக்க பாக்கச் சொல்றியா?” துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பாலு வேற அடுப்புல இருந்துது.”

அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். என்னை யாரும் பிடித்து வைக்கவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அவர் கடைசிப் படுக்கையில் கிடந்த பத்து நாளும் வந்தது. சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள், இங்கிலீஷ்காரர்கள் அதற்கும் முன்பே போய்விட்டார்கள். போன தையில் ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனவள், வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் நெல் களம். மரம் இல்லை, அடிக்கட்டைகூட இல்லை. எல்லைக் கல்லை ஒரு பம்புசெட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் கண்டுபிடித்தேன். துணி துவைக்கப் படுக்கப் போட்டிருந்தார்கள். மற்றபடி எங்கே பார்த்தாலும் கரும்பு. வெட்டு நடந்துகொண்டிருந்தது.

“இன்னாம்மா தேடற?” என்றார் கரும்பு வெட்டுகிறவர்.

“இங்க ஒரு வரப்பு இருந்துது.”

“எந்த வரப்பு? இது பூரா ஒரே கொல்லைதான்.” அரிவாளால் பின்னால் காட்டினார். “அப்டித் தள்ளி நில்லும்மா, லாரி திரும்பணும்.”

எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் நான் அங்கேயே நின்றேன்.