பூம்பாறை வீட்டு மலைமீன்கள்

"எங்க வீட்டுக்காரருக்கு லாரியில சரக்கு அடுக்குறதத் தவிர வேற ஒரு சோலியும் தெரியாது" என்று வேலுத்தாய் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பாதி உண்மை. அழகுமலை அடுக்கினால் முட்டைக்கோஸ் மேல் உருளைக்கிழங்கு மூட்டை ஏறாது. பூண்டு மூட்டையை ஒட்டிப் பட்டர் ஃப்ரூட் கூடை நிற்காது. கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையிலிருந்து அவருடைய மினி லாரியில் இறங்கும் கேரட் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நசுங்காமல் போய்ச் சேரும்.

அப்பேர்ப்பட்டவர் மீன் வாங்கப் போன அன்றைக்கு மட்டும் அந்தப் புத்தியை மார்க்கெட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்.

மார்க்கெட்டின் பின்தெருவில் முத்துராஜ் வண்ணமீன் கடை வைத்திருந்தார். சரக்கை இறக்கிவிட்டுக் கணக்கு முடியும்வரை அழகுமலை அங்கே போய் நிற்பது வழக்கம். ஒருநாள் மனசு கேட்கவில்லை. இரண்டு குடம் தண்ணீர் கொள்ளும் சின்னக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கினார். நீலக்கோடு மின்னும் நியான், விசிறி வால் கப்பி, சிவப்பு ஃபைட்டர், வரிவரியாய் டைகர் பார்ப் என்று நிறத்துக்கு ஒன்றாகக் கை காட்டினார்.

"எல்லாம் ஒண்ணாவா இருக்கும்?" என்று முத்துராஜ் தயங்கிக் கேட்டார்.

"மீனுதான முத்துராஜு, இருந்துக்கிரும்" என்றார் அழகுமலை.

இருக்கவில்லை. பூம்பாறைக் குளிரில் நியான் வெளிறிப் போய் மறுநாளே மிதந்தது. கப்பியின் வாலை டைகர் பார்ப் கடித்துக் குதறியது. ஃபைட்டர் அடியில் போய்ப் படுத்தது, எழவே இல்லை. வாரம் முடியும்போது தொட்டியில் டைகர் பார்ப் மட்டும் தனிக்காட்டு ராஜாவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஜெயிச்சவன் ஒருத்தன் கெடக்கான் பாருங்க. இவனுக்கு மாலை போட்டுருவமா?" என்றாள் வேலுத்தாய்.

அழகுமலைக்கு அந்தக் கேலி வலிக்கவில்லை. செத்த மீன்களைச் செடிக்கு அடியில் புதைத்தபோதுதான் வலித்தது. கனத்தையும் வாடையையும் பார்த்துச் சரக்கு ஏற்றுகிறவன், உயிருள்ளதை வெறும் நிறம் பார்த்து ஏற்றிவிட்டோமே என்று தோன்றியது.

அடுத்த நடையில் டைகர் பார்ப்பைக் கொண்டுபோய் முத்துராஜிடமே விட்டார். "ஹீட்டர் ஒண்ணு போட்டுக்கங்கண்ணே, எல்லா மீனும் நிக்கும்" என்றார் முத்துராஜ்.

"எங்கூர்ல காத்தடிச்சா கரண்டு போயிரும். ஹீட்டர நம்பி உசுரப் போட முடியாது. எங்க குளிர்லயே பொழைக்கிற மீனாச் சொல்லு."

அன்றைக்கு அழகுமலை எதையும் வாங்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு ஒவ்வொரு தொட்டி முன்னும் உட்கார்ந்தார். எது எதைத் துரத்துகிறது, எது கூட்டமாகப் போகிறது, எது தனியாக ஒதுங்குகிறது என்று பார்த்தார். ஜீப்ரா மீன் குளிர் தாங்கும் என்றார் முத்துராஜ். அது கண்ணாடிக்குக் கண்ணாடி பாய்வதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு என் தொட்டியில ரோடு பத்தாது" என்று தள்ளினார். கோல்டு ஃபிஷ் தேங்காய் அளவுக்கு வளரும் என்று கேட்டதும் அதையும் விட்டார்.

கடைசியில் முத்துராஜ் போனில் ஒரு படம் காட்டினார். சுண்டுவிரல் நீளங்கூட இல்லாத மீன். உடம்பில் வெள்ளிக்கோடு, செக்கச்செவேலென்று வால். "ஒயிட் கிளவுட்ணே. சீனாவுல மலை ஓடையில உள்ளது. நம்ம வெயிலுக்கு நிக்காதுன்னு நான் வாங்குறதில்ல."

"மலையில உள்ளதா?" அழகுமலையின் முகம் மலர்ந்தது. "அப்ப நம்மாளுதான். சொல்லிவிடு."

"எத்தனை கலர்ல என்னென்ன சேத்து..."

"இது ஒரே சாதியாப் பத்து. கூட்டமா இருந்தாத்தான் பயமில்லாமத் திரியும். அடியில மேயிறதுக்கு, அந்தா அந்த மூலத் தொட்டியில ஊருதே, அந்தச் சிவப்பு இறாலு கொஞ்சம். வேற ஒண்ணும் வேண்டாம்."

மீன்கள் முத்துராஜ் கடைக்கு வந்து சேர்ந்த அன்று பையைச் சால்வையில் சுற்றி மடிப்பக்கம் வைத்துக்கொண்டு பழனி மலைப்பாதையில் ஏறினார். கீழே வெக்கை, மேலே குளிர். தண்ணீர் சட்டென்று குளிர்ந்துவிடக் கூடாது என்று வளைவுக்கு வளைவு மெதுவாகப் போனார். பின்னால் வந்த லாரிக்காரர் சின்னச்சாமி ஹாரனை அழுத்திப் பார்த்து, கடைசியில் பக்கவாட்டில் வந்து கத்தினார்.

"ஏலே அழகுமலை, வண்டியில பிள்ளத்தாச்சியா இருக்கு?"

"பத்து பேரு இருக்காங்கடா, முன்னால போ!"

வீட்டில், முன்கூட்டியே பாசியும் செடியும் போட்டுத் தெளிய வைத்திருந்த தொட்டியில் பையை மிதக்கவிட்டார். கரண்டி கரண்டியாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றினார். பிறகு அவிழ்த்துவிட்டார். பத்தும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றன.

ஒண்டியது அன்றைக்கு மட்டும்தான். காலை வெயில் சன்னல் வழியாக விழுந்தபோது பத்து சிவப்பு வால்களும் ஒன்றாகத் திரும்பின, ஒன்றாக நின்றன, மறுபடி திரும்பின. கீழே பச்சைப் பாசியில் இறால்கள் மிளகாய்ப்பழத் துணுக்குகளைப் போல ஊர்ந்தன. யாரும் யாரையும் கடிக்கவில்லை. வேலுத்தாய் பூண்டு உரிக்கும் முறத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கேலி பேசவில்லை.

மார்கழிப் பனியில் வயலெல்லாம் வெளுத்துக் கிடந்தபோதும் ஒன்றுகூடச் சாகவில்லை. பங்குனியில் ஒருநாள் வேலுத்தாயின் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

"என்னங்க, வெரசா வாங்க! பாசிக்குள்ள என்னமோ அசையுது!"

கண்ணிமை மயிர் போலக் குஞ்சுகள். அழகுமலை மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தார். இடம் பிடிக்காத உயிர் குஞ்சு பொரிக்காது என்பது அவர் நம்பிக்கை.

சேதி கொடைக்கானல்வரை போனது. வில்பட்டி ரோட்டில் ஹோம்ஸ்டே நடத்தும் ஜூலியட்டுக்கு அழகுமலைதான் காய்கறி போடுவார். ஜூலியட் தன் வரவேற்பறைத் தொட்டிக்கு மீன் தேர்ந்தெடுத்துத் தரும்படி கேட்டார். அழகுமலை முதலில் தொட்டியின் அளவைக் கேட்டார், இரவுக் குளிரைக் கேட்டார், பிறகு தன் வீட்டில் வளர்ந்த குஞ்சுகளைக் கொண்டுபோனார். வேலுத்தாயும் கூடவே கிளம்பினாள்.

"அண்ணா, கெஸ்ட் கண்ணுல படுற மாதிரி நடுவுல ஒரு ஃபைட்டர் விட்டா ப்யூட்டியா இருக்குமில்ல?" என்றார் ஜூலியட்.

அழகுமலை வாயைத் திறப்பதற்குள் வேலுத்தாய் முந்திக்கொண்டாள்.

"வேண்டாங்க மேடம். அது வெக்கையில உள்ள மீனு, இந்தக் குளிருக்கு மொடங்கிரும். அதுவும் போக, தனியா இருக்கப் பெறந்தது. இதுக கூட்டமாப் பொழைக்கிறதுக. எங்க வீட்டுக்காரரு ஒரு நாப் பூரா கடையில உக்காந்து பாத்துத்தான் இதத் தேர்ந்தெடுத்தாரு. மூட்டைக்கு மூட்டை எது சேரும், எது சேராதுன்னு தெரிஞ்ச கண்ணு அது."

ஜூலியட் சிரித்துக்கொண்டே ஃபைட்டரைக் கைவிட்டார். சன்னலோரம் காப்பி குடித்துக்கொண்டிருந்த விருந்தினர்கள் இரண்டு பேர் எழுந்து வந்து, இதற்கு என்ன பெயர் என்று வேலுத்தாயிடம் கேட்டார்கள். "மலைமீனுங்க" என்று தொடங்கி, ஆதியிலிருந்து எல்லாவற்றையும் அவள் சொல்ல ஆரம்பித்தாள். அழகுமலை காலிப் பையை மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, தன் கதையை வேறு யாருடைய கதையோ போலக் கேட்டுக்கொண்டு நின்றார். லாரிக்கு நேரமாகிவிட்டது. அவர் நகரவில்லை.